காணாமல் போன ஓட்டுநரும் கைப்பேசித் துப்பறிவாளர்களும்

இந்த மாதப் படிப்பு வட்டத்துக்கு 'வாய்மை' பற்றி ஒரு பாடம் எழுதச் சொன்னார் நம்ம செயலாளர் அண்ணன். வாய்மை என்றதும் பொய் சொல்லாமை என்றுதான் எல்லாரும் எழுதுவோம். நான் கொஞ்சம் வேறு பக்கமாகப் போகிறேன். பொய் சொல்லணும்னு துளியும் எண்ணமில்லாத, நல்லது செய்வதாகவே நினைக்கும் ஒரு கூட்டம் சேர்ந்து எப்படி ஒரு பொய்யைக் கட்டி எழுப்புகிறது? அந்தக் கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். அதையும் பின்னால் சொல்கிறேன்.

2019-ஆம் ஆண்டு தைப்பூசம் ஜனவரி 21, திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள் பினாங்கில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தங்க ரதமும் வெள்ளி ரதமும் ஜார்ஜ்டவுன் தெருக்களில் தேங்காய் உடைபட உடைபடத் தண்ணீர்மலைக்குப் போகும் நாள். எனக்கு அப்போது பள்ளிக்கூட வயசு. தண்ணீர் பந்தலில் ரோஸ் சிரப் கலக்குகிற வேலை. காலையில் பந்தலுக்குப் போனால், வேலை செய்யவேண்டிய அண்ணன்மார்கள் அஞ்சாறு பேர் ஒரே கைப்பேசியைச் சுற்றி நிற்கிறார்கள். ஒரு டேஷ்கேம் காணொளி. இருட்டு, பாலத்து விளக்கு, இரண்டு கார், ஒரு மோதல். அதில் ஒரு கார் பாலத்தைத் தாண்டிக் கடலுக்குள் போய்விட்டது.

அன்று அதிகாலை 3 மணி வாக்கில் பினாங்கு முதல் பாலத்தில் நடந்த விபத்து அது. டொயோட்டா வியோஸ் கார் ஒன்றும் மாஸ்டா சிஎக்ஸ்-5 வண்டி ஒன்றும் மோதிக்கொண்டன. மாஸ்டா தடுப்பைத் தாண்டிக் கடலில் விழுந்தது. அதை ஓட்டி வந்தவர் 20 வயது கல்லூரி மாணவர். பெயர் அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. நமக்கு இங்கே வேண்டாம்.

ஞாயிறு அதிகாலை விழுந்த வண்டியைச் செவ்வாய் மாலைதான் மேலே தூக்க முடிந்தது. ஏறக்குறைய இரண்டரை நாள். பொம்பா, கடற்படை, கடல் போலீஸ் என்று எல்லாரும் இறங்கித் தேடினார்கள். பாலத்தில் நின்று பார்த்தால் 'இங்கேதானே விழுந்தது, இறங்கி எடுக்கவேண்டியதுதானே' என்று தோன்றும். ஆனால் அந்தக் கால்வாய்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்று ஃபெர்ரியில் போனவர்களுக்குத் தெரியும். மேலேயே பழுப்பு, கீழே சேறு. முக்குளிப்பவர் தன் கையையே பார்க்க முடியாது. நீரோட்டம் ஒரு நாளைக்கு நாலு முறை திசை மாறும். அது அடங்கி நிற்கிற கொஞ்ச நேரத்தில்தான் ஆள் இறங்கி ஒழுங்காக வேலை பார்க்கலாம். அதனால்தான் முதலில் சோனார் கருவியை வைத்து, ஒலி அடித்துத் திரும்பி வரும் எதிரொலியில் அடித்தளத்தின் படத்தைப் பார்க்கிறார்கள். வண்டி மேலே வந்தபோது அந்த மாணவர் உள்ளேயே இருந்தார்.

இப்போது பந்தலுக்குத் திரும்புவோம். அந்த இரண்டரை நாளில், அவர் எங்கே என்று யாருக்குமே தெரியாத நேரத்தில், எங்கள் பந்தலில் மட்டும் நாலு தீர்ப்பு வந்துவிட்டது. ஒருத்தர் பந்தயம் என்றார். இன்னொருத்தர் போதை என்றார். வேகம் நூற்றைம்பதுக்குக் குறையாது என்றார் ஒருத்தர். நான் சிரப் வாளியோடு நின்றுகொண்டு, 'அண்ணே, இன்னொரு தடவை போடுங்க, மெதுவா ஓட்டுங்க' என்றேன். அதுதான் என் முதல் துப்பறியும் வேலை. வெளியே 'வேல் வேல்' என்று சத்தம்; உள்ளே நாங்கள் ஒரு பையனின் கடைசி நொடிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தோம். அப்போது அது உறுத்தவில்லை.

இப்போது பொறியியல் படிக்கிறேன், மூன்றாம் ஆண்டு. அந்த 'நூற்றைம்பதுக்குக் குறையாது' என்ற பேச்சைக் கணக்கு போட்டுப் பார்க்கலாமா? கணக்கு பிடிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம், ஆனால் போகாதீர்கள்.

டேஷ்கேம் ஒரு நொடிக்கு 30 படம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாலையில் ஒரு வெள்ளைக்கோடும் அதை ஒட்டிய இடைவெளியும் சேர்த்து 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் நொடிக்கு 22.2 மீட்டர் போகும். அந்த 12 மீட்டரைத் தாண்ட 16 படம் ஆகும். நீங்கள் எண்ணும்போது இரண்டு படம் குறைத்து 14 என்று எண்ணிவிட்டால் வேகம் 93 கிலோமீட்டர் ஆகிவிடும். இரண்டு கூட்டி 18 என்று எண்ணினால் 72. வரம்பு 80 உள்ள சாலையில் ஒருவர் குற்றவாளியா நல்லவரா என்பதை நாலு படம் தீர்மானிக்கிறது! இரவில், மங்கலான படத்தில், கோட்டின் நுனியில் டயர் எந்தப் படத்தில் தொட்டது என்று யாரால் அடித்துச் சொல்ல முடியும்? போதாததற்கு, காணொளி உங்களிடம் வருவதற்குள் புலனத்தில் பத்து கை மாறியிருக்கும். ஒவ்வொரு முறையும் அது சுருக்கப்படுகிறது. அசலில் நொடிக்கு 25 படம்தான் இருந்து, நீங்கள் 30 என்று நினைத்துக் கணக்கு போட்டால், 80-இல் போன கார் 96-இல் போனதாக விடை வரும். அகலக் கோண லென்ஸ் தூரத்தை வேறு ஏமாற்றும். முன்னால் போகும் வண்டி உண்மையில் இருப்பதைவிடத் தள்ளி இருப்பதாகத் தெரியும்.

விபத்தை முறையாக ஆராய்கிறவர்கள் அசல் அட்டையை வாங்குகிறார்கள், இடத்துக்குப் போய்க் கோட்டை அளக்கிறார்கள், வண்டியின் நசுங்கலைப் பார்க்கிறார்கள், தேவைப்பட்டால் அதே கேமராவை வைத்து மறுபடி ஓட்டிப் பார்க்கிறார்கள். கட்டை விரலால் முன்னும் பின்னும் தள்ளிப் பார்ப்பது ஆராய்ச்சி ஆகாது.

நம்ம சைவ சித்தாந்த வகுப்பில் அளவை என்று ஒன்று படித்திருப்பீர்கள், அல்லது படிக்கும்போது தூங்கியிருப்பீர்கள். அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் கடவுளைப் பற்றிப் பேசும் முன்னாலேயே, ஒன்றை எப்படி அறிகிறோம் என்பதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார். காண்டல், கருதல், உரை என்று மூன்று வழி. காண்டல், நேரே பார்ப்பது. கருதல், புகையைப் பார்த்து நெருப்பை ஊகிப்பது. உரை, நம்பத்தக்கவர் சொல்வதைக் கேட்பது. காண்டலிலேயே ஐயமும் திரிபும் உண்டு என்கிறது மரபு. தூரத்தில் நிற்பது மரக்கட்டையா மனிதனா என்று தடுமாறுவது ஐயம். கயிற்றைப் பாம்பென்றே முடிவு கட்டுவது திரிபு. புகை மாதிரி தெரிவது மூடுபனியாக இருந்தால், அதை வைத்துச் செய்த ஊகமும் போச்சு.

பந்தலில் நாங்கள் பார்த்தது காண்டல்கூட இல்லை. ஒரு கேமராவின் காண்டலை, அதன் நாலாவது நகலில் பார்த்தோம். அதன்மேல் கருதலைக் கட்டினோம். அதைப் பிறருக்கு 'உரை' ஆக அனுப்பினோம். நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், யார் சொல்வதை நம்பலாம் என்பதற்கு ஓர் இலக்கணம் தருகிறார்: அந்தப் பொருளை நேராக அறிந்தவராக இருக்கணும், அறிந்ததை அறிந்தபடியே சொல்லணும் என்ற எண்ணம் இருக்கணும். அவர் ரிஷியா, நம்மவரா, அந்நியரா என்பது கணக்கே இல்லை. ரொம்பப் பிடித்த வரையறை எனக்கு. குழுவில் யார் மூத்தவர், யாருக்கு எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்பதெல்லாம் அதில் வரவே இல்லை பாருங்கள்.

இதைவிட நேராகப் பேசுவது திருக்குறள். வாய்மை அதிகாரத்தை எல்லாரும் சொல்வார்கள். நான் சொல்வது 59-ஆம் அதிகாரம், ஒற்றாடல். உளவு பார்ப்பது எப்படி என்று வள்ளுவர் பத்துக் குறள் எழுதியிருக்கிறார். ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை அப்படியே எடுத்துக்கொள்ளாதே, வேறோர் ஒற்றனை அனுப்பிச் சரிபார் என்கிறார் 588-ஆம் குறளில். 589-இல் அதற்கும் மேலே போகிறார்: ஒற்றனை இன்னோர் ஒற்றன் அறியாதபடி வை, மூன்று பேர் சொல்வதும் ஒத்துப்போனால் நம்பு. கவனிக்க வேண்டியது அந்த 'அறியாதபடி'. மூன்று பேரும் ஒரே கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடித்துவிட்டு வந்து ஒரே கதையைச் சொன்னால் அது மூன்று சாட்சி இல்லை, ஒரு சாட்சிதான். ஒரே காணொளியை முப்பதாயிரம் பேர் பகிர்ந்தாலும் வள்ளுவர் கணக்கில் ஒற்றன் ஒருத்தன்தான். 'எல்லா குரூப்லயும் வந்துச்சு லா' என்கிறோமே, அது எண்ணிக்கை, சரிபார்ப்பு இல்லை.

இதற்கு நீளமான ஓர் உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. 2004 பிப்ரவரி 9. மோரா மர்ரி என்ற 21 வயதுப் பெண், மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாதிமை படிக்கிற மாணவி. குடும்பத்தில் ஒரு சாவு, ஒரு வாரம் வரமாட்டேன் என்று ஆசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார். அப்படி ஒரு சாவு நடக்கவே இல்லை. வங்கி இயந்திரத்தில் 280 டாலர் எடுக்கிறார். வடக்கே ஓட்டிப் போகிறார். இரவு ஏழரை மணி வாக்கில் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில் ஹேவர்ஹில் ஊருக்குப் பக்கம், பனி மூடிய 112-ஆம் எண் சாலையின் ஒரு வளைவில் கார் மோதி நிற்கிறது. அந்த வழியாக வந்த பள்ளிப் பேருந்து ஓட்டுநர் நிறுத்தி விசாரிக்கிறார். உதவிக்குப் போன் பண்ணிட்டேன், போலீஸ் வேண்டாம் என்கிறார் அந்தப் பெண். அங்கே கைப்பேசிச் சமிக்ஞையே கிடைக்காது என்று அந்த ஓட்டுநருக்குத் தெரியும். வீட்டுக்குப் போய் அவரே போலீசுக்குச் சொல்கிறார். கொஞ்ச நேரத்தில் போலீஸ் வருகிறது. கார் பூட்டியிருக்கிறது. ஆள் இல்லை. மோப்ப நாய் சாலையில் ஒரு நூறு மீட்டர் போல நடந்து நின்றுவிட்டது. இன்று வரை அவர் கிடைக்கவில்லை.

அவர் காணாமல் போவதற்கு ஐந்து நாள் முன்னால்தான், பிப்ரவரி 4-ஆம் தேதி, ஃபேஸ்புக் தொடங்கியது. ஃபேஸ்புக் பிறந்த வாரத்திலேயே பிறந்த வழக்கு இது. இருபது வருஷமாக ஆயிரக்கணக்கானவர்கள் இதைத் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். புத்தகம் வந்தது, தொலைக்காட்சித் தொடர் வந்தது, பாட்காஸ்ட் வந்தது. ஓடிப்போய்க் கனடாவில் புது வாழ்க்கை வாழ்கிறார் என்று ஒரு கட்சி. காட்டில் குளிரில் இறந்தார் என்று ஒரு கட்சி. யாரோ கடத்தினார்கள் என்று ஒரு கட்சி. 2012-இல், அவர் காணாமல் போன அதே தேதியையொட்டி, யாரென்றே தெரியாத ஒரு மனிதர் யூடியூபில் சிரித்துக்கொண்டே காணொளி போட்டு, தனக்கு ஏதோ தெரியும் என்பதுபோல எல்லாரையும் அலைக்கழித்தார்.

நின்று உதவி செய்த அந்தப் பேருந்து ஓட்டுநரை நினைத்துப் பாருங்கள். அந்தக் குளிரில் வண்டியை நிறுத்தியவர், வேண்டாம் என்று சொன்ன பிறகும் போலீசைக் கூப்பிட்டவர். அவரையே சந்தேகப்பட்டு வருஷக்கணக்கில் எழுதினார்கள். கடைசியாகப் பார்த்தவர் என்பதுதான் அவர் செய்த குற்றம். அடுத்த முறை பாலத்தில் ஒரு கார் நிற்பதைப் பார்த்தால் நீங்கள் நிறுத்துவீர்களா? இந்தக் கேள்வியை வட்டத்தில் போட்டு உண்மையாகவே பேசுங்கள். 'நிறுத்துவேன்' என்று உடனே சொல்பவரை நான் நம்ப மாட்டேன்.

விபத்து நடந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் அடித்தளத்தில் ஏதோ இருக்கிறது என்று பல வருஷமாகப் பேச்சு. 2019 ஏப்ரலில் போலீசும் எஃப்பிஐயும் சேர்ந்து அந்தக் கான்கிரீட்டை உடைத்தே பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. 2021-இல் லூன் மலைப் பக்கம் எலும்புத் துண்டு கிடைத்தது. உடனே அவர்தான் என்று உலகம் முழுக்கச் செய்தி. கதிர்க்கரிமச் சோதனை செய்தால் அது 1774-க்கும் 1942-க்கும் இடைப்பட்ட காலத்து எலும்பு. ஒவ்வொரு முறையும் அந்தக் குடும்பம் தொலைபேசிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்தானே. நமக்கு அது ஒரு பதிவு. அவர்களுக்கு இன்னொரு தடவை காரியம் செய்கிற மாதிரி.

சுனில் திரிபாதி கதை இதைவிடக் கொடுமை. இந்திய வம்சாவளிப் பையன், 22 வயது, பிரவுன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். மனச்சோர்வு இருந்தது. 2013 மார்ச் நடுவில் காணாமல் போனார். குடும்பம் அவரைத் தேட முகநூலில் ஒரு பக்கம் தொடங்கியது. ஒரு மாசம் கழித்து, ஏப்ரல் 15, பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு. 18-ஆம் தேதி எஃப்பிஐ சந்தேகப்பட்ட இரண்டு பேரின் படத்தை வெளியிட்டது. ரெடிட்டில் குண்டு வைத்தவர்களைக் கண்டுபிடிக்கவே ஒரு குழு இருந்தது. காணாமல் போன பழுப்பு நிறப் பையன், மங்கலான படத்தில் மூக்கு அவர் மாதிரி. அவ்வளவுதான். ராத்திரியோடு ராத்திரியாக அவர் பெயர் உலகம் பூராவும் போனது. பத்திரிகையாளர்களே அதைப் பகிர்ந்தார்கள். மகனைத் தேடத் தொடங்கிய பக்கத்தில் வசவு வந்து குவிந்து, குடும்பமே அதை மூடவேண்டியதாயிற்று. விடிந்தபோது உண்மையான ஆட்கள் வேறு இரண்டு சகோதரர்கள் என்று தெரிந்தது. 22-ஆம் தேதி ரெடிட் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. 23-ஆம் தேதி பிராவிடன்ஸ் நகரத்து ஆற்றில் சுனிலின் உடல் கிடைத்தது. குண்டு வெடிப்பதற்கு முன்பே அவர் இறந்துபோயிருந்தார்.

அவ்வளவு தூரத்தில் நடந்தது நமக்கு எதற்கு என்று கேட்டால், 2018 மே 9-ஆம் தேதி திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் அத்திமூரில் நடந்தது நம்ம வீட்டுக் கதை. மலேசியாவிலிருந்து போன சொந்தக்காரர்களோடு குலதெய்வக் கோயிலைத் தேடிப் போன குடும்பம். வழி கேட்க நிறுத்தினார்கள். அங்கே இருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். நம்ம ஆட்கள் ஊருக்குப் போனால் சாக்லேட் பை இல்லாமல் போவோமா? பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று அப்போது புலனத்தில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடி அடித்தது. அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா அங்கேயே இறந்தார். மற்றவர்கள் பலத்த காயத்தோடு தப்பினார்கள். இந்தியாவில் அந்த வருஷம் இப்படிப் பல சாவு நடந்த பிறகுதான், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் அங்கே கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதை உலகம் முழுவதற்கும் அறிவித்த தேதி என்ன தெரியுமா? 2019 ஜனவரி 21. நம்ம தைப்பூச நாள். பாலத்துக் காணொளி சுற்றிக்கொண்டிருந்த அதே நாள்.

சரி, என் கதை. போன வருஷம் நாங்கள் இருக்கிற அடுக்குமாடிக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிளை ஒரு கார் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. விழுந்த பையனுக்குக் கால் முறிவு. எதிர்க்கடைக் கேமராவில் காரின் பின்பக்கம் பதிவாகியிருந்தது. எண் தட்டு மங்கல். குழுவில் எல்லாரும் 'இன்ஜினியர் தம்பி இருக்கானே, பாருப்பா' என்றார்கள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. படத்தைத் தெளிவாக்குகிற ஒரு செயலியில் போட்டேன். அரை நிமிஷத்தில் எண் பளிச்சென்று வந்தது. போட்டேன் குழுவில். ஒரு மணி நேரத்தில் அந்த எண் உள்ள, அதே நிறமுள்ள, அதே மாதிரி காரை யாரோ பக்கத்து புளோக்கில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்தச் செயலிகள் எப்படி வேலை செய்கின்றன என்று எனக்கு வகுப்பில் சொல்லியே கொடுத்திருந்தார்கள். படத்தில் இல்லாத தகவலை எந்தக் கணினியாலும் வெளியே எடுக்க முடியாது. லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகியதை வைத்து, 'இங்கே இப்படி இருக்கலாம்' என்று அது வரைகிறது. மங்கலாக இருந்தது 3-ஆ 8-ஆ என்று அதற்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்று அது சொல்லாது. அழகாக ஒரு 8 போட்டுத் தரும். தேர்வில் இதற்குப் பதில் எழுதி மார்க் வாங்கியவன் நான்.

அந்தக் கார்க்காரர் வாடகைக்கு ஓட்டுகிற ஓர் அங்கிள். அவருடைய படம், வீட்டு எண் எல்லாம் குழுவில் வந்துவிட்டது. காரின் பக்கவாட்டில் யாரோ சாவியால் கீறிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அவர் மகளைக் கேட்டார்களாம். மூன்றாம் நாள் அவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். சத்தம் போடவில்லை. கைப்பேசியை நீட்டி, விபத்து நேரத்தில் அவர் சுங்கை பட்டாணியில் ஆள் ஏற்றிய கணக்கைக் காட்டினார். 'தம்பி, நீங்க படிச்சவரு, ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே' என்றார். அம்மா உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்தாங்க. அவர் குடிக்கவில்லை.

குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். நான் போட்ட எண்ணை நூற்றுக்கணக்கானவர்கள் பார்த்திருந்தார்கள். மன்னிப்பைப் பார்த்ததற்கான அடையாளம் நாற்பது சொச்சம்தான்.

மதுரையில் ஒரு மன்னன் காற்சிலம்பு ஒன்றை வைத்துத் தீர்ப்பு சொன்ன கதை நமக்கெல்லாம் தெரியும். ஒரே ஒரு பொற்கொல்லனின் வாய்மொழி. சிலம்பைப் பார்த்தால் ஒன்று போலவே இருந்தது. உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கோவலன் இறந்த பிறகுதான் உடைத்தார்கள். சிறுவயதில் அந்தப் பாண்டியன்மேல் எனக்கு ரொம்பக் கோபம். இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. அவனாவது தவறு தெரிந்த அந்த நொடியிலேயே உயிரை விட்டான்.

அப்படியானால் நாம் எதிலும் வாயே திறக்கக்கூடாதா? அப்படி இல்லை. 1995 ஜூனில் அமெரிக்காவில் வெர்ஜீனியா மாநிலத்தில் ஒரு வேன் விபத்தில் ஓட்டுநரும் கூட வந்த ஓர் இளைஞனும் இறந்தார்கள். அந்த இளைஞன் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. பையில் ஓர் இசைக்குழுவின் நிகழ்ச்சிக்கான இரண்டு டிக்கெட் துண்டு இருந்தது. இருபது வருஷம் பெயரில்லாமல் கிடந்தார். கடைசியில் சில தன்னார்வலர்கள் அவருடைய முகத்தை மறுவரைவு செய்த படத்தை இணையத்தில் பரப்பி, பழைய அறைத்தோழர் ஒருவர் அடையாளம் சொல்லி, 2015 டிசம்பரில் டிஎன்ஏ சோதனை அதை உறுதி செய்தது. தாய்க்கு மகன் கிடைத்தான், இறந்தவனாகத்தான் என்றாலும். இதே இணையம், இதே மாதிரி ஆட்கள்தான். ஆனால் அவர்கள் தேடியது இறந்தவரின் பெயரை. யாரையும் பிடித்துக் கொடுக்கத் தேடவில்லை. கண்டதை அதிகாரிகளிடம் கொடுத்தார்கள். முடிவைச் சோதனைச்சாலை சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். மூன்றாவது ஒற்றன் வரும் வரை பொறுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நம்ம நாட்டுக்கு வருவோம். பாலத்து விபத்தை 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் 41(1) பிரிவில் போலீஸ் விசாரித்தது. உங்களிடம் டேஷ்கேம் பதிவு இருந்தால் அது உண்மையிலேயே விலைமதிப்பு உள்ளது. அட்டையைக் கழற்றுங்கள், இல்லையென்றால் அது தானாகவே அழித்துக்கொண்டு மேலே பதிவு செய்யும். அந்த அசலை வழக்கு நடக்கிற காவல் நிலையத்தில் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். குழுவில் போடாதீர்கள், போட்ட பிறகு அடுத்த சாட்சி தான் பார்த்ததைச் சொல்ல மாட்டார், உங்கள் காணொளியில் பார்த்ததைச் சொல்வார். நீங்களே விபத்தில் சிக்கினால், அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி நிற்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஆள் காணவில்லை என்ற புகாருக்கு அப்படி 24 மணி நேரம் காத்திருக்கணும் என்று பலரும் நினைக்கிறார்கள். தேவையே இல்லை. உடனே போகலாம்.

குழு நிர்வாகிகளாக இருக்கும் அண்ணன் அக்காமார்களுக்கு ஒன்று. 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்று ஒரு பிரிவை 2012-இல் சேர்த்திருக்கிறார்கள். ஒரு பதிவின் உரிமையாளராக, நிர்வாகியாக, ஆசிரியராக உங்கள் பெயரோ படமோ தெரிந்தால், இல்லை என்று நீங்கள் நிரூபிக்கும் வரை நீங்கள்தான் வெளியிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். 'நான் அட்மின் மட்டும்தான்' என்ற பேச்சு நீதிமன்றத்தில் எடுபடுமா என்று வழக்கறிஞர் யாரையாவது கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமான செய்தியைச் சரிபார்க்க 2017-இல் தொடர்புத்துறை ஆணையம் தொடங்கிய 'செபெனார்ஞா' தளமும் இருக்கிறது.

படிப்பு வட்டத்துக்கு வரும்போது ஒரு வேலை செய்துகொண்டு வாருங்கள். கடந்த மாதம் நீங்கள் பகிர்ந்ததில் ஏதாவது ஒரு விபத்து அல்லது காணாமல் போனவர் பற்றிய செய்தியை எடுங்கள். அதில் காண்டல் எது, கருதல் எது, உரை எது என்று பென்சிலால் பிரியுங்கள். எத்தனை ஒற்றர்கள் என்று எண்ணுங்கள். அந்தச் செய்தி கடைசியில் என்ன ஆனது என்று தேடிப் பாருங்கள். எனக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. நான் பகிர்ந்த ஏழில் நான்குக்கு முடிவு என்ன என்றே எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அதுவரை தோன்றவும் இல்லை.

அந்த அங்கிளின் காரை எங்கள் கார் நிறுத்துமிடத்தில் இப்போதும் பார்க்கிறேன். கீறலைப் பெயிண்ட் அடித்து மூடியிருக்கிறார். நிறம் கொஞ்சம் ஒட்டவில்லை. பெயிண்ட் செலவில் பாதி கொடுக்கப் போனேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டார். இந்தத் தைப்பூசத்துக்கு எங்கள் பந்தலில் தண்ணீர் குடித்தார். நான்தான் ஊற்றிக் கொடுத்தேன்.